ட்ரவுட் ஓடை: அங்கேயே பிறந்த மீனா, லாரியில் வந்த மீனா?

ஓர் ஓடையில் மீன் விடலாமா என்று பேச்சு வந்தால், எத்தனை லாரி மீன் கிடைக்கும் என்ற கணக்கில்தான் அது பெரும்பாலும் தொடங்குகிறது. தண்ணீருக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்ற கணக்கில்தான் தொடங்க வேண்டும். குளிர்ந்த ஓடும் நீரில் வாழும் ட்ரவுட் மீன் தானாகவே முட்டையிட்டுப் பெருகும் ஓடையில் பண்ணை மீனை விடுவது வீண் செலவு மட்டுமல்ல, இருக்கும் மீனையும் குறைத்துவிடும். கோடையில் ட்ரவுட் பிழைக்கவே முடியாத ஓடையை வசந்தத்தில் பண்ணை மீனை விட்டுப் பிடிக்கும் இடமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஓடையின் ஒரே நீட்டில், அதாவது ஒரே பகுதியில், இரண்டையும் செய்யப் பார்ப்பதுதான் பிழை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இது சோதித்தே பார்க்கப்பட்டது. 1960களின் இறுதியில் மீன்வள உயிரியலாளர் டிக் வின்சென்ட் மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் மீன் விடுவதை நிறுத்தினார். அதுவரை மீன் விடாதிருந்த ஓடெல் ஓடையில் விடத் தொடங்கினார். நிறுத்திய இடத்தில் ஆற்றிலேயே பிறந்த பழுப்பு ட்ரவுட், ரெயின்போ ட்ரவுட் என்ற இரு வகைகளும் பெருகின. விட்ட இடத்தில் பழுப்பு ட்ரவுட் குறைந்தது. கடும் எதிர்ப்பு இருந்தும், 1974இல் ட்ரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் மீன் விடுவதையே அம்மாநிலம் கைவிட்டது. காரணம் புரிந்துகொள்ள எளிது. ஓடையில் பிறந்த மீன், நீரோட்டம் இரையைக் கொண்டுவந்து சேர்க்கும் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, குறைந்த உழைப்பில் வயிறு நிரப்பும். தொட்டியில் நெருக்கியடித்து வளர்ந்த மீனுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. அது இடம்விட்டு இடம் அலையும், முட்டி மோதும், மற்றதையும் விரட்டும். சில வாரங்களில் அது பிடிபட்டோ மெலிந்தோ மறைந்துவிடும். அதற்குள் உள்ளூர் மீன் இடத்தை இழந்திருக்கும். லாரி வருகிறது என்று கூடும் தூண்டில்காரர்கள் உள்ளூர் மீனையும் சேர்த்தே கொண்டுபோவார்கள்.

முதலில் வெப்பம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஓடும் நீரில், வெயில் நேராகப் படாத இடத்தில் வெப்பப் பதிவுக் கருவியைக் கல்லோடு கட்டி மூழ்கவிடுங்கள். மணிக்கு ஒரு பதிவு போதும். வெயிலில் வைத்தால் கருவியின் சூட்டைத்தான் அளப்பீர்கள். தேங்கிய மடுவில் வைத்தால் ஓடையின் வெப்பம் கிடைக்காது. 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை ட்ரவுட்டுக்கு நல்ல காலம். 20 டிகிரியைத் தாண்டினால் திணறல் தொடங்கும். 25ஐ நெருங்கினால் ஊற்று நீரைத் தேடி ஒதுங்கும், ஒதுங்க இடமில்லையென்றால் சாகும். நாள்கணக்கில் இரவிலும் 20க்குக் கீழே இறங்காத நீட்டில் சொந்த மீனை எதிர்பார்க்க வேண்டாம்.

பிறகு எண்ணிக்கை

கோடைக் கடைசியில், நீர் குறைந்து தெளிந்திருக்கும்போது எண்ணுங்கள். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் அப்போது கண்ணுக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்திருக்கும். குஞ்சு கிடைத்தால், ஓடை தன் வேலையைத் தானே செய்கிறது என்று பொருள். நீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும், முதுகில் சுமக்கும் மின்கருவி கொண்டு எண்ணுவதற்கு அரசு அனுமதி வேண்டும். குறைந்தது மூன்று பேர், நீர் புகாத ரப்பர் உடை, ரப்பர் கையுறை, கைவிட்டவுடன் மின்சாரம் நிற்கும் விசை ஆகியவை இல்லாமல் இறங்கக் கூடாது. கருவியின் துடிப்பு நேர்மின்சாரத்தை (விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம்) 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 30இல் வைத்தால் மீனின் முதுகெலும்பு முறிவது குறையும். நீர் 18 டிகிரிக்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம்.

100 மீட்டர் நீளத்தை அளந்து, மேலும் கீழும் தடுப்பு வலை கட்டுங்கள். கீழிருந்து மேலாக நடந்து பிடித்து, நீளமும் எடையும் குறித்து, வலைக்கு வெளியே தொட்டியில் வையுங்கள். அதே அளவு நேரம் எடுத்து, அதே வேகத்தில் இன்னொரு சுற்று வாருங்கள். முதல் சுற்றில் 40, இரண்டாவதில் 10 என்றால், முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: 1600 ÷ 30, ஏறத்தாழ 53 மீன். சராசரி எடை 60 கிராம் என்றால் மொத்தம் 3.2 கிலோ. ஓடையின் சராசரி அகலம் 5 மீட்டர் என்றால் பரப்பு 0.05 ஹெக்டேர். ஆக ஹெக்டேருக்கு 64 கிலோ. இரண்டாம் சுற்றில் முதல் சுற்றின் பாதிக்கு மேல் வந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். வலை தரையோடு படியாமல் இருந்திருக்கும், அல்லது முதல் சுற்றில் அவசரப்பட்டிருப்பீர்கள். மூன்றாம் சுற்று போங்கள். துடுப்பு தேய்ந்து மழுங்கியிருப்பது பண்ணை மீன். அதைத் தனியாகக் குறியுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் முதல் தர ஓடை என்பதற்குப் பழுப்பு ட்ரவுட் ஹெக்டேருக்கு 40 கிலோவும், புரூக் ட்ரவுட் 30 கிலோவும் வேண்டும், 15 செ.மீ.க்குக் குறைந்த சிறு மீன்களும் அதில் இருக்க வேண்டும். மேலே கண்ட ஓடை பழுப்பு ட்ரவுட் ஓடையென்றால் தாராளமாகத் தேறும். அங்கே மீன் விடுவதை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திய மறு ஆண்டே பெரிய மீன் வராது. பழுப்பு ட்ரவுட் 20 செ.மீ. தாண்டவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும். முட்டையிட்ட பின் ஒரு வெள்ளம் வந்தால் அந்த ஆண்டுக் குஞ்சு முழுவதும் போய்விடலாம். அதனால் அதே 100 மீட்டரை, அதே மாதத்தில், குறைந்தது ஐந்து ஆண்டு எண்ண வேண்டும். இடையில் பொறுமை இழந்து மறுபடி லாரியைக் கூப்பிடுவதுதான் எங்கும் நடப்பது. அங்கே விட இருந்த பண்ணை மீனை அருகிலுள்ள வெப்பமான நீட்டுக்கு மாற்றிவிட்டால் தூண்டில்காரர்களின் கோபம் தணியும். புழு இரையில் தொண்டை வரை தூண்டிலை விழுங்கிய மீனிடமிருந்து முள்ளைப் பிடுங்காமல் தூண்டில் நரம்பை (கயிற்றை) வெட்டிவிடுவது நல்லது. திருப்பி விடும் மீன் பிழைக்க அதுவே வழி.

குளிர்ச்சி இருக்கிறது, குஞ்சு இல்லை

இங்கேதான் உழைப்பு பலன் தரும், ஆனால் இங்கேதான் பலரும் பண்ணை மீனை விட்டுக் குறையை மூடிவிடுகிறார்கள். பழுப்பும் புரூக்கும் இலையுதிர் காலத்திலும், ரெயின்போ பெரும்பாலும் வசந்தத்திலும் சரளையைத் தோண்டி முட்டையிடும். முட்டைக்கு மாதக்கணக்கில் சரளைக்குள் நீர் ஊடுருவ வேண்டும். கைப்பிடிச் சரளையை வாளி நீரில் அலசிப் பாருங்கள். வாளி கலங்கி அடியில் வண்டல் தங்கினால் முட்டை மூச்சு முட்டிச் சாகிறது. வண்டலின் ஊற்று ஓடைக்குள் இல்லை. மாடு இறங்கிச் சரிந்த கரையிலும் மண் சாலையின் வாய்க்காலிலும் இருக்கும். வேலி போட்டு மாட்டுக்குக் கல் பாவிய ஒரே இடத்தில் தண்ணீர் காட்டுங்கள். கரையில் மரம் நடுங்கள். சாலை வாய்க்காலை ஓடைக்குள் விடாமல் காட்டுத் தரையில் திருப்புங்கள். கரை சரிந்துகொண்டிருக்கும்போதே புதுச் சரளை கொட்டினால் ஒரு மழையில் அதுவும் மூடிக்கொள்ளும்.

பென்சில்வேனியாவில் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் அமில நீர் இன்னொரு காரணம். கல்லில் செம்மஞ்சள் படலம் படிந்திருந்தால் இரும்பு, வெள்ளைப் படலம் என்றால் அலுமினியம். அலுமினியம் செவுளிலேயே படிந்து கொல்லும். சுண்ணாம்புக்கல்லால் சீர்செய்யும் வரை எந்த மீனை விட்டாலும் நிற்காது.

வெப்பமான நீட்டில் விடுவதென்றால்

ஏறத்தாழ 25 செ.மீ. நீளம் வளர்ந்த, நோய்ச் சோதனை முடிந்த மீனை ஏப்ரலில் விடுங்கள். நோய்ச் சோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வந்த சுழல் நோய் (இளம் மீனைச் சுழன்று சுழன்று நீந்த வைக்கும் ஒட்டுண்ணி நோய்) 1990களில் மேடிசன் ஆற்றின் ரெயின்போக்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. இனம் பெருக்க முடியாத மும்மடிய மீன் (குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதியாக உள்ள மீன்) கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் எல்லா முட்டையும் மும்மடியமாவதில்லை என்பதால் மாதிரி இரத்தச் சோதனை கேளுங்கள். ஏற்றுவதற்கு ஒரு நாள் முன் இரை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கழிவு தொட்டி நீரைக் கெடுக்கும். தொட்டிக்கும் ஓடைக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசமிருந்தால் ஓடை நீரைச் சிறிது சிறிதாகத் தொட்டியில் கலந்து பழக்குங்கள். பாலத்தடியில் மொத்தமாகக் கொட்டாமல், வாளியில் பத்துப் பன்னிரண்டாக எடுத்து 100 மீட்டருக்கு ஒரு மடுவில் விடுங்கள். வெள்ள நாளில் விட்டால் கீழே அடித்துப் போகும்.

மேலே சொந்த மீன் வாழும் கிளையோடை இருந்தால், இடையில் அருவி போன்ற தடை இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். தடை இல்லையென்றால் விட்ட மீன் ஏறிப் போகும். சாலையின் குழாய்ப்பாலம் சில நேரம் இந்தத் தடையாக நிற்கும். வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேலே தொங்கினால் சிறு மீன் ஏறாது. மீன் ஏற வழி செய்கிறோம் என்று அதை உடைக்கும் முன் மேலும் கீழும் எண்ணுங்கள். பென்சில்வேனிய ஓடைகளில் பூர்வீகம் புரூக் ட்ரவுட் மட்டுமே. பழுப்பு 1880களில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மேலே புரூக் மட்டும், கீழே பழுப்பு என்றால் அந்தக் குழாயைத் தொடாதீர்கள்.