ஹெல்ஃபயர், ஹெலினா: எழுத்தைப் பார்த்துக் குழம்பாமல் வகை பிரிப்பது எப்படி

காவேரிப்பட்டினத்தில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து குரூப் தேர்வுக்குப் படிக்கும் பசங்க, ஹெலிகாப்டரிலிருந்து டாங்கியை அடிக்கும் அமெரிக்க ஏவுகணையான ஹெல்ஃபயரின் ஏ, பி, சி, எஃப், கே, எல் என்ற வகை எழுத்துகள் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் மறந்துவிடும். எழுத்தை விடுங்கள்.

சந்தூர் நர்சரியில் ஒட்டு மாங்கன்று பார்த்திருப்பீர்கள். வேர்ச்செடி ஒன்றுதான், மேலே ஒட்டும் குச்சியில்தான் செந்தூராவா மல்கோவாவா என்பது இருக்கிறது. இதுவும் அப்படித்தான்: 178 மில்லிமீட்டர் விட்டத்தில் ஏறக்குறைய அதே குழாய், மாறுவது இலக்கைத் தேடிப் பிடிக்கும் கண்ணும் வெடிமுனையும். அதனால் நோட்டில் இரண்டே பத்தி போடுங்கள்.

முதலில் கண். இலக்கை யார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலான ஹெல்ஃபயர்களுக்கு லேசர்தான். ஹெலிகாப்டரோ தரையில் இருக்கும் வீரரோ டாங்கி மீது லேசர் அடித்துக்கொண்டே இருக்கணும், அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஏவுகணை போகும், நடுவில் புகையோ மேகமோ வந்தால் சிக்கல். எல் வகை மட்டும் தனி ரகம். அதற்கு மூக்கிலேயே மில்லிமீட்டர் அலை ரேடார், ஏவிவிட்டு ஹெலிகாப்டர் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், ஹெல்ஃபயர் என்ற பேரே 'ஹெலிகாப்டரிலிருந்து ஏவு, மறந்துவிடு' என்ற பொருளில் வைத்ததுதான், ஆனால் 1980களில் வந்த முதல் வகைகளை ஏவிவிட்டு அப்படியெல்லாம் மறந்துவிட முடியாது.

அடுத்து வெடிமுனை, இங்கேதான் கதை இருக்கிறது. ஆரம்பத்தில் கவசத்தைத் துளைக்கும் ஒற்றை வெடிமுனை. டாங்கிக்காரர்கள் மேலே வெடித்துத் தடுக்கும் பெட்டிகளை ஒட்டிக்கொண்டதும் அது போதவில்லை, அதனால் எஃப் வகையில் முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்று இரட்டை வெடிமுனை. கே வகை அதையே மேம்படுத்திய இரண்டாம் தலைமுறை. அப்புறம் இலக்கே மாறியது. கட்டடம், படகு என்றால் எம், குகை மாதிரி மூடிய இடம் என்றால் என். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வெடிமுனையாக ஆர் வந்தது. ஆர்9எக்ஸ் வெடிக்கவே வெடிக்காது, கத்திகளை விரித்துக்கொண்டு பாயும். நடுவில் விடுபட்ட எழுத்துகளைத் தேடி அலையாதீர்கள், சில காகிதத்தோடு நின்றுபோனவை.

சரி, நம்ம ஊர் ஏவுகணைகளுக்கு வருவோம். 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தில் பிறந்தது டாங்கியை அடிக்கும் நாக்; நமிகா என்ற கவச வண்டியிலிருந்து 4 கிலோமீட்டர் பாயும். அதையே ஹெலிகாப்டருக்கு ஏற்றபடி மாற்றியது ஹெலினா, 7 கிலோமீட்டர். இதன் கண் வெப்பப் பிம்பம் பார்ப்பது, ஏவும் முன்பே இலக்கைப் பிடித்துக்கொள்ளும். 2022 ஏப்ரலில் பொக்ரானிலும் லடாக் உயரத்திலும் சோதித்தார்கள். பசங்க சறுக்கும் இடம் துருவாஸ்திரா. பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு எல்லாம் ஒரே மாம்பழம்தானே, அதே மாதிரி ஹெலினாவின் விமானப்படைப் பேர் துருவாஸ்திரா. ஹெலிகாப்டரிலிருந்தே டாங்கியை அடிக்கும் இன்னொரு ஏவுகணையான சான்ட் அப்படியல்ல: மில்லிமீட்டர் அலைக் கண், 10 கிலோமீட்டர், 2021 டிசம்பரில் பொக்ரானில் சோதித்தது. அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

பெங்களூரு எலகங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும்போது ஓசூர் வழியாக ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். பலகையைப் படிக்கும் முன் மூக்கைப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்தால் லேசர் அல்லது வெப்பப் பிம்பம், உள்ளே எதுவும் தெரியாமல் மூடியிருந்தால் ரேடார். ஆனால் மாதிரிக்கு வைத்திருப்பதில் மூக்குக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அப்போது பலகைதான் கதி.