பிளேஸ்மென்ட் இடத்திலயே ரிசர்ச் செய்யப் போறீங்களோ? கோர்ட், சட்ட உதவி பக்கம் போற பெடியள் பெட்டையளுக்கு

பைனல் இயர்ல வேலை பழகிற இடத்திலயே ஒரு ரிசர்ச்சும் செய்யோணும் எண்டு சொன்னவுடன கனபேர் விடுற பிழை, தலைப்பைப் பெருசா வைக்கிறது. "வடமாகாணத்தில் குற்றமும் சமூகமும்" எண்டா கேக்க வடிவாத்தான் இருக்கும், மூண்டு மாசத்தில முடிக்க ஏலாது. முதல் ரெண்டு கிழமையும் தலைப்பே வைக்காதேங்கோ. உங்கட மேசைக்கு முன்னால திரும்பத் திரும்ப என்ன வருது எண்டு மட்டும் பாருங்கோ.

நான் வன்னியில ஒரு சட்ட உதவி ஒபிஸ்ல இருந்தனான். ஒருநாள் ஒரு அம்மா சொப்பிங் பையுக்குள்ள பேப்பர் எல்லாத்தையும் சுத்திக்கொண்டு வந்தா, மகனுக்குப் பிடியாணையாம். பாத்தா சின்னக் கேஸ், பெர்மிட் இல்லாம மணல் ஏத்தினது. பெடியன் தவணைக்கு, அதான் கோர்ட் குடுத்த திகதிக்கு, போகேல்ல, நீதவான் பிடியாணை போட்டிட்டார். ஏனம்மா போகேல்ல எண்டு கேட்டன். "அண்டைக்குத்தான் தம்பி வெட்டு மெசின் வந்தது, விட்டா பிறகு எப்ப வருமோ" எண்டா. காலபோக நெல்லு வெட்டுற நேரம், தவணைத் துண்டோ மெசினோ எண்டா வீட்டில எது வெல்லும் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. என்ர கேள்வி அதில இருந்துதான் வந்தது: ஆக்கள் ஏன் தவணைக்கு வராம விடுகினம்? நீங்களும் இப்பிடி ஒரு வரியில, அந்த அம்மாவுக்கும் விளங்கிற மாதிரிக் கேள்வியை எழுதிப் பாருங்கோ, எழுத வரேல்ல எண்டா கேள்வி இன்னும் வரேல்ல.

அனுமதி அலுவல் அலுப்புத்தான், ஆனா முதலே முடியுங்கோ. கம்பஸ்ல நெறிமுறை அனுமதி (ஆக்களிட்டக் கேட்டுச் செய்யிற ரிசர்ச்சுக்கு ஓம் எண்டு தாறது), ஒபிஸ்ல பெரியவரிட்ட எழுத்தில ஒரு கடிதம், ரெண்டும் வேணும். கோர்ட்டில விசாரணை பொதுவா திறந்த மன்றத்திலதான் நடக்கும், பின் வாங்கில இருந்து பாக்கலாம், போனை ஓப் பண்ணிப்போட்டு இருங்கோ. குறிப்பு எடுக்கிறதெண்டா பதிவாளரிட்ட முதலே ஒரு வார்த்தை கேளுங்கோ. எண்ணிக்கை ஏதும் தேவையெண்டா 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பம் போடலாம், 14 வேலை நாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்டு முடிவு சொல்லோணும். அதால கடைசிக் கிழமையில போட்டுப்போட்டு அழாதேங்கோ.

இனி முக்கியமான இடம். நீங்கள் அங்க ரெண்டு ஆள். ஒபிஸ்ல வேலை செய்யிற பிள்ளை ஒராள், கம்பஸுக்கு எழுதிற பிள்ளை மற்றாள். சனம் கதைக்கிறது முதலாவது ஆளோட. பிணை எடுத்துத் தருவியள் எண்ட நம்பிக்கையில சொன்ன கதையை ரெண்டாவது ஆள் தூக்கிக்கொண்டு போய் ரிப்போர்ட்டில போட்டா அது களவு மாதிரித்தான். பைல் பாக்க பெரியவர் ஓம் எண்டது அந்த அம்மா ஓம் எண்டதா ஆகாது. நான் செய்தது என்னெண்டா, ஒபிஸ் அலுவல் முழுக்க முடிச்சு பைலை மூடி, மேசைக்கு அங்கால எழும்பி வந்து பக்கத்துக் கதிரையில இருந்து, வேற கொப்பி ஒண்டை எடுத்து, "அம்மா, இப்ப நான் கேக்கிறது படிப்புக்கு, சொல்லாட்டியும் உங்கட கேஸுக்கு ஒண்டும் ஆகாது" எண்டு சொல்லுவன். அரைவாசிப்பேர் வேண்டாம் எண்டினம். பரவாயில்லை, விடுங்கோ.

இன்னொண்டு, எங்கட சனத்திட்ட 2009க்குப் பிறகு கேள்வி கேக்காத ஆள் இல்லை. ஆணைக்குழு, என்ஜிஓ, பதிவு, திரும்பப் பதிவு. போர்ம் ஒண்டைக் கண்டாலே "இதால ஏதும் கிடைக்குமோ" எண்டுதான் கேப்பினம். இல்லை எண்டு நேரா சொல்லோணும், மழுப்பக் கூடாது. நடந்துகொண்டிருக்கிற கேஸில என்ன நடந்தது எண்டும் கேக்காதேங்கோ. லோயருக்குச் சொன்ன ரகசியத்துக்கு இருக்கிற பாதுகாப்பு உங்கட கொப்பிக்கு இல்லை. நான் கேட்டது பஸ், கூலி, துண்டு வாசிக்கத் தெரியுமோ, அடுத்த திகதியை ஆர் சொன்னது, இவ்வளவும்தான். சின்னப் பிள்ளையளின்ர வழக்கு, பாலியல் வழக்குகள் எண்டா மாணவப் பருவத்தில தொடவே வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

பேரை வெட்டினா ஆள் மறைஞ்சிடும் எண்டு நினைச்சு நானும் வாங்கிக் கட்டினனான். முதல் டிராப்டில ஒராளைப் பற்றி பேர் இல்லாம "சந்தியில தேத்தண்ணிக்கடை வச்சிருக்கிறவர், ஒரு கால் இல்லை, கசிப்புக் கேஸ்" எண்டு எழுதினன். மேற்பார்வை செய்த மிஸ் ரெண்டு வரி வாசிச்சிட்டு "இவர் இன்னார்தானே" எண்டு பேரையே சொல்லிப்போட்டா, எனக்கு முகம் செத்துப்போச்சு. இஞ்ச ஒரு சந்திக்கு ஒரு தேத்தண்ணிக்கடைதான். ஊர், தொழில், காயம், கேஸ் நாலும் ஒண்டாச் சேர்ந்தா ஆள் பிடிபட்டிடும், அதால ஊரை மாவட்டமாக்குங்கோ, தொழிலை "சிறு வியாபாரம்" ஆக்குங்கோ, காயத்தைக் கேள்விக்குத் தேவையில்லை எண்டா எடுத்திடுங்கோ. வெட்ட மனம் வராது, அந்த வரிதான் நல்ல வரியா இருக்கும், வெட்டுங்கோ.

எண்ணிக்கைக்கு முடிஞ்ச பைல் ஒரு முப்பது காணும். பேர் இல்லாம இலக்கம் போட்டு, தவணை எத்தினை, தவறினது எத்தினை, எந்த மாசம், கோர்ட்டுக்கு எவ்வளவு தூரம் எண்டு ஒரு சாதாரண எக்செல் தாள். முப்பதை வச்சு "வன்னி மக்கள்" எண்டு முடிவு எழுதிப்போடாதேங்கோ, "நான் பாத்த பைல்களில" எண்டு எழுதுங்கோ.

ரிப்போர்ட் கம்பஸுக்கு. ஒபிஸுக்குத் தமிழில ஒரு பக்கம் தனியா எழுதிக் குடுங்கோ, தடிச்ச புத்தகத்தை அவை வாசிக்க மாட்டினம். நான் குடுத்த ஒரு பக்கத்தில இருந்து ஒரு விசயம் எடுத்தவை: பைலுக்கு வெளியில, சனம் கொண்டுபோற பையில அடுத்த திகதியை மார்க்கரால பெருசா எழுதிக் குடுக்கிறது.