வளர்ந்த பிள்ளைகளிடம் நத்தாரை ஒப்படையுங்கள்

நத்தார் பாப்பா வருவார் என்று கண் விழித்துக் காத்திருந்த பிள்ளை, பதின்மூன்று பதினான்கு வயதானதும் பண்டிகையை விட்டு மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது. வீட்டில் பாலன் பாட்டு ஒலிக்கும். பிள்ளை கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் கிடக்கும். நள்ளிரவுத் திருப்பலிக்கு எழுப்பினால் நித்திரை வருகிறது என்று சொல்லும். எங்கள் மூத்தவளுக்குப் பதின்மூன்று வயதானபோது இதுதான் நடந்தது. புதுச் சட்டை வேண்டாம் என்றாள். விலை கூடிய வேறு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா என்று நானும் அவளுடைய அப்பாவும் இரண்டு நாள் யோசித்தோம். கடைசியில், எனக்கு அந்த வருடம் வயலிலும் வீட்டிலும் வேலை அதிகம் என்பதால், குடில் கட்டும் பொறுப்பை முழுதாக அவளிடம் விட்டேன். மறுநாள் விடியும்போது அப்பப்பாவின் வைக்கோற்போரில் வைக்கோல் உருவிக்கொண்டு நின்றாள்.

நாங்கள் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரில் நெல் செய்யும் குடும்பம். பிள்ளைகள் மூவர்: பதினாறு வயதில் ஒரு பெண், பதினான்கிலும் பதினொன்றிலும் இரண்டு ஆண். இங்கே எழுதுவது எல்லாம் எங்கள் வீட்டில் செய்து பார்த்து நிலைத்தவை. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தொடங்க வேண்டாம். இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் நீங்கள் மறந்தாலும் பிள்ளைகள் நினைவூட்டினால் அது உங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

நத்தார்க் கொப்பி

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் நத்தாருக்கு ஒதுக்கிய பணத்தை மேசையில் வைத்து எண்ணுகிறோம். போன வருடம் பதினைந்தாயிரம் ரூபா. உடுப்பைத் தவிர மற்ற எல்லாச் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். பணமும் ஒரு கொப்பியும் ஒரு பிள்ளையின் கைக்குப் போகும். அடுத்த வருடம் அடுத்த பிள்ளைக்கு. என்ன வாங்குவது, எங்கே வாங்குவது, எதை விடுவது எல்லாம் அந்தப் பிள்ளையின் முடிவு.

பெற்றோருக்கு இதில் கடினமான பகுதி வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் வருடம் மூத்தவள் மின்குமிழ் மாலைகளுக்கே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டாள். கஜு வாங்கக் காசில்லை. என் கைக்காசில் வாங்கிக் கொடுக்க மனம் துடித்தது, கொடுக்கவில்லை. கஜு இல்லாமலே கேக் செய்தோம். அடுத்த வருடம் கொப்பி தம்பியின் கைக்குப் போனபோது, கஜு என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு இழுத்துத்தான் அவனிடம் கொடுத்தாள்.

லூக்காவோடு 24 நாட்கள்

லூக்கா எழுதிய நற்செய்தியில் 24 அதிகாரங்கள் இருக்கின்றன. டிசம்பர் 1ஆம் திகதி தொடங்கி நாளுக்கு ஒன்றாக வாசித்தால் நத்தாருக்கு முதல் நாள் முடிகிறது. இரவுச் செபத்துக்குப் பிறகு பிள்ளைகள் முறை வைத்து வாசிக்கிறார்கள். முதல் அதிகாரம் 80 வசனங்கள் கொண்டது. அதை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் தொடங்கிய அன்றே சலித்துவிடும். பத்தாம் திகதி நல்ல சமாரியன் வருவார், பதினைந்தாம் திகதி ஊதாரி மகன் வீட்டுக்குத் திரும்புவான். 23ஆம் திகதி சிலுவைச் சாவு. முதல் வருடம் கடைக்குட்டி, "பாலன் இன்னும் பிறக்கவே இல்லையே அம்மா" என்று அழுதான். அந்த அழுகை எனக்குப் பெரிய பிரசங்கம் போலிருந்தது. மறுநாள் 24ஆம் அதிகாரத்தில் எம்மாவுஸ் ஊருக்கு இரண்டு பேர் நடந்து போகிறார்கள்; வழியில் சேர்ந்துகொண்டவர் யாரென்று அப்பத்தைப் பிட்கும்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. அதை வாசித்துவிட்டுத்தான் நாங்கள் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுகிறோம்.

வாசித்த பிறகு பெற்றோர் விளக்கம் சொல்லவே கூடாது. ஊதாரி மகனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும், தன்னைத்தான் குத்துகிறார்கள் என்று பதினான்கு வயதுக்காரன் நினைத்துக்கொள்வான். அதற்குப் பதிலாக, வாசித்த பிள்ளை அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தன் மனதில் நின்ற வரியை எழுதி ஒரு நூலில் கோக்க வேண்டும். 24 தாள்களும் சேர்ந்ததும் குடிலுக்கு மேலே தோரணமாகக் கட்டுகிறோம். பரீட்சையோ டியூஷனோ குறுக்கிட்டு ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டாக வாசியுங்கள். அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

குடில்

அசிசியின் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் நத்தார்க் குடிலை அமைத்தபோது, அந்த ஊர் வைக்கோலும் அந்த ஊர் மாடும் கழுதையும்தான் அவருக்குப் போதுமாக இருந்தன. நம்மிடம் கிடுகு இருக்கிறது, பனையோலை இருக்கிறது, குளத்துக் களிமண் இருக்கிறது. கடையில் விற்கும் பஞ்சுப் பனி எதற்கு? மாரி மழையில் முற்றம் சேறாகிக் கிடக்கும் காலத்தில் நம்முடைய பாலன் பிறக்கிறார். குடிலும் அப்படியே இருக்கட்டும்.

குடிலைச் சுற்றி நாங்கள் நாற்று வைக்கிறோம். டிசம்பர் 12ஆம் திகதி இரண்டு கைப்பிடி விதைநெல்லை ஒரு பகலும் ஓர் இரவும் ஊற வையுங்கள். நீரை வடித்து ஈரச் சாக்கில் முடிந்து வைத்தால், ஒன்றரை இரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். சிரட்டைகளில் வயல் சேற்றை நிரப்பி, முளையை நெருக்கமாகத் தூவுங்கள். அடைமழை நேரே விழாத இடத்தில், வெளிச்சம் படும்படி தாழ்வாரத்தில் வைத்து, கோழி கொத்தாமல் முதல் சில நாள் கூடையால் மூட வேண்டும். நத்தார் இரவுக்குள் பச்சைப்பசேலென்று எழுந்துவிடும். இது எங்கள் நடுவானவனின் வேலை. பள்ளிக்கூடக் கொப்பியைத் திறக்க அலுத்துக்கொள்ளும் அவன், சிரட்டைகளைப் பார்க்க ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறான்.

தீவனத்தொட்டி நத்தார் இரவு வரை வெறுமையாக இருக்க வேண்டும். கோயிலிலிருந்து திரும்பிய பிறகு, வீட்டிலேயே இளைய பிள்ளை பாலனைக் கிடத்தும். "நான் இப்போது பெரியவன்" என்று அந்தப் பிள்ளை மறுத்தால், வீட்டில் மூத்தவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறுக்கவில்லை.

ஒரு வருடம் மூத்தவள் என்னிடம் கேட்டாள்: "என்னுடைய முதலாவது நத்தார் எங்கே நடந்தது?" அவள் நினைவுக்கு எட்டிய நத்தார் எல்லாம் இந்த வீட்டில்தான். 2009 டிசம்பரில் நாங்கள் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அவள் கைக்குழந்தை. தறப்பாள் கூடாரத்துக்குள் பிஸ்கட் பெட்டி மட்டையை மடித்து யாரோ ஒரு குடில் செய்திருந்தார்கள். பாலனுக்குப் பதிலாக ஒரு மெழுகுதிரி. இதைச் சொல்லி முடித்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டுக் குடிலின் கூரை கிடுகால் வேயப்படவில்லை. எங்கிருந்தோ பழைய தறப்பாள் துண்டொன்றைத் தேடி எடுத்து வந்து, நான்கு தடியில் இழுத்துக் கட்டியிருந்தாள். பார்க்க வந்த அயலவர்கள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். உங்கள் பிள்ளை கட்டும் குடில் உங்கள் கண்ணுக்கு அழகாக இல்லாவிட்டாலும் அதைத் திருத்தாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

அம்மம்மாவோடு ஓர் இரவு

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வழக்கம் பிறந்தது. நத்தாருக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலை, பிள்ளைகள் அம்மம்மாவின் கதிரையைச் சுற்றி அமர்ந்து கேள்வி கேட்டு, அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறார்கள். மற்ற நேரத்தில் நாம் பறித்து வைக்கும் பொருளுக்கு அன்று நல்ல வேலை கிடைக்கிறது.

"பழைய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் முதியவர்கள் "என்னத்தைச் சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். சிறிய கேள்வி கேட்கப் பழக்குங்கள். நத்தார்ச் சட்டையை யார் தைத்தது? கோயிலுக்கு எதில் போனீர்கள்? அன்று காலை என்ன சமைத்தார்கள்? நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கீசரின் 'நத்தால்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று என் மகள் சொன்னபோது, அம்மம்மா அதைவிட வேறு பத்துச் சொற்களை எடுத்து அடுக்கினார்.

வன்னியில் எந்த முதியவரின் நினைவிலும் சற்றுத் தோண்டினால் இழப்பு வரும். அவர் பேச்சை நிறுத்தினால் பதிவையும் நிறுத்த வேண்டும், அடுத்த கேள்வி கூடாது, ஒருவர் எழுந்து தேநீர் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பதிவுகளை ஒரு மெமரி கார்டில் சேர்த்துக் கொப்பியோடு வைக்கிறோம்.

கேக்கும் தட்டுகளும்

எங்களிடம் போறணை இல்லை. தட்டைப் பேக்கரிக்குக் கொண்டு போய், பாண் இறக்கிய பிறகு மிஞ்சும் சூட்டில் வேகவைத்து எடுக்கிறோம். நத்தாருக்கு முந்திய நாள் ஊரே அங்கே நிற்கும். 21 அல்லது 22ஆம் திகதியே போய்விடுங்கள். ஒரு வருடம் எங்கள் தட்டு இடம் மாறி வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது தட்டின் அடியில் ஆணியால் பெயர் கீறியிருக்கிறோம்.

மா, சீனி, மாஜரின் ஒவ்வொன்றும் அரைக் கிலோ, முட்டை பத்து, பேக்கிங் பவுடர் நான்கு தேக்கரண்டி. சீனியை முதலில் இடித்துத் தூளாக்க வேண்டும். அதையும் மாஜரினையும் கையால் அடிப்பது ஆண் பிள்ளைகளின் வேலை. விரலில் தொட்டால் நெறுநெறுக்காமல், நிறம் வெளிறி, பஞ்சாக வரும்வரை அடிக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அந்த அரை மணித்தியாலத்தில் அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வருடத்தில் வேறு எப்போதும் அப்படிப் பேசுவதில்லை. பிறகு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, பேக்கிங் பவுடர் கலந்து அரித்த மாவையும் வனிலாவையும் மெதுவாகக் கலக்க வேண்டும். பிளம்ஸையும் கஜுவையும் மாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது.

கேக்கில் பாதி வெளியே போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்களுக்குத் தட்டு அனுப்புகிற சைவ வீடுகள் ஏழு. நத்தார் அன்று காலை பிள்ளைகளே கொண்டு போகிறார்கள். படலையில் கொடுத்துவிட்டு ஓடி வரக் கூடாது. உள்ளே போய் இருந்து, கொடுக்கும் தேநீரைக் குடித்து, நாலு கதை பேசி வர வேண்டும். கூச்சப்படும் வயதில் ஒரு பெரியவரோடு பேசப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பரிசுக்குச் சீட்டுக் குலுக்குகிறோம். ஒருவருக்கு ஒரு பெயர், உச்சம் ஐந்நூறு ரூபா, அல்லது கையால் ஒரு வேலை. போன வருடம் மகன் என் தையல் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தான்.

26ஆம் திகதி

நத்தார் முடிந்த அடுத்த நாளை முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர்கள் சும்மா கடக்க முடியாது. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலை சுனாமியாக எழுந்த கடல் என் தங்கையைக் கொண்டு போனது. பல வருடங்கள் நான் மட்டும் பஸ்ஸில் போய் வந்தேன். பிள்ளைகளின் பண்டிகையைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். மூத்தவள்தான், "சின்னம்மாவிடம் நாங்களும் வருகிறோம்" என்றாள். எந்த வயதில் கூட்டிப் போவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அவர்கள் கேட்கும் வரை பொறுத்திருங்கள், கேட்டால் மறைக்காதீர்கள்.

போகும்போது குடிலிலிருந்து ஒரு சிரட்டை நாற்றும், கேக்கில் ஒரு துண்டும், மெழுகுதிரியும் எடுத்துப் போகிறோம். டிசம்பரில் வாடைக்காற்று திரியை நிற்க விடாது. வெற்றுச் சிரட்டை ஒன்றை மணலில் பாதி புதைத்து, அதற்குள் மெழுகுதிரியை நட்டு, காற்று வரும் பக்கமாகப் பிள்ளைகள் மூவரும் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள். தீப்பெட்டி இரண்டு கொண்டு போங்கள், பொலித்தீனில் சுற்றி.