பாடசாலைக்குப் போகுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்

போன வாரம் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வேறுபட்ட பிள்ளைகளை 'ஒன்பது' என்று கேலி செய்வதை நிறுத்தச் சொல்லி அவருடைய மகன் சுவர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறான். அதிபர் கூப்பிட்டிருக்கிறார். "போய் எல்லாத்தையும் உடைச்சுச் சொல்லப்போறன் அக்கா" என்றார். எனக்குத் திடுக்கென்றது. நானும் அப்படித்தான் போனேன்.

ஏசாதீர்கள், அடிக்காதீர்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. இப்படிப் பேசுகிற பிள்ளைக்குத் துணை நிற்க முடிவெடுத்துவிட்ட பெற்றோருக்குத்தான் இது; நாம் விடுகிற பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மற்றப் பிள்ளையின் கதை

உயர்தரம் படிக்கும்போது என் மகள் மே 17க்கு ஒரு பேச்சுத் தயாரித்தாள். உலக சுகாதார நிறுவனம் 1990இல் தற்பாலீர்ப்பை, அதாவது தன் பாலினத்தவரையே விரும்புவதை, நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய நாள் அது. மாணவர் மன்றத்தில் பேச விடவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்லடியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

"இதெல்லாம் இங்க இல்லாத பிரச்சினை" என்றார் ஆசிரியர். "உங்கட வகுப்பிலேயே இருக்கு" என்று மகளின் சிநேகிதியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. எந்த வரிசையில் இருக்கிற பிள்ளை என்று விளங்கிவிட்டது, அது போதுமே. பொழுதுபடுவதற்குள் அவள் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. ஃபோனைப் பறித்தார்கள், டியூஷனை நிறுத்தினார்கள், அப்புறம் வேறு ஊரில் பெரியம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"அவள் என்னை நம்பிச் சொன்னாள். நான் உங்களை நம்பிச் சொன்னேன்" என்றாள் மகள். வாக்குவாதத்தில் வெல்வதற்காக ஒரு பிள்ளையைச் சாட்சிக்கு இழுத்தேனே என்று இன்றைக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முதல் நாளே பிள்ளையோடு இருந்து பேசி முடிவெடுங்கள். அதிபரிடம் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: என்ன சொல்லிக் கேலி செய்தார்கள், எந்த நாள், யாரிடம் முறையிட்டீர்கள். "உங்கட பிள்ளையும் அப்படியா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை.

சட்டம் தெரியாமல் போவது

"இது சட்டப்படி குற்றம்" என்பார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரர் காலத்தவை. அவை பாலியல் செயல்களைப் பற்றியவை; பிள்ளை பேசுவதையும் எழுதுவதையும் தடுப்பவை அல்ல. ஒரே பாலினத்தவரின் உறவு குற்றமாகாதபடி அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. அதற்காகச் சட்டமே மாறிவிட்டது என்று வாதாடவும் வேண்டாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழு

பிள்ளை எழுதியதையோ பேசியதையோ அங்கே படம் பிடித்துப் போடாதீர்கள்.

பிள்ளையின் பேச்சை நாம் பேசுவது

எழுதியது பிள்ளை, பேசுவதும் பிள்ளைதான். பக்கத்துக் கதிரையில் இருங்கள்.

மிரட்டலைப் பொறுத்துப் போவது

அடி, மிரட்டல் என்று வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.