காரின் தானியங்கி (ஆட்டோ) ஹெட்லைட் கோளாறு: சென்சாரை மாற்றும் முன் நடக்கும் தவறுகள்

சுவிட்ச் 'ஆட்டோ' நிலையில் இருக்கும் காரில் பட்டப்பகலில் ஹெட்லைட் தானாக எரிகிறது. அல்லது இருட்டிய பிறகும் எரிய மறுக்கிறது. இரண்டு புகாருக்கும் 'சென்சார் போயிடுச்சு' என்ற ஒரே பதில்தான் முதலில் வரும். டேஷ்போர்டின் மேல் கண்ணாடியோரம் இருந்து வெளிச்சத்தை அளக்கும் அந்தக் கறுப்புக் குமிழ் எளிதில் பழுதாகிற பொருள் அல்ல. கனெக்டர், எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), சோதிக்கும் விதம் ஆகிய மூன்றையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சுவிட்சை ஆட்டோவிலிருந்து கையால் போடும் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் பல்பு, ஃபியூஸ், ரிலே பக்கம் போக வேண்டும். சென்சாரைத் தொடவே தேவையில்லை. கையால் போட்டால் எரிகிறது, ஆட்டோவில் மட்டும் தகராறு என்றால்தான் மேற்கொண்டு படியுங்கள். பகலில் எரிவது ஹெட்லைட்தானா, பகலில் எரிவதற்கென்றே உள்ள டி.ஆர்.எல். விளக்கா என்பதையும் இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

ஷெட்டுக்குள் வைத்துச் சோதிப்பது

ஐ.நா.வின் 48-ஆம் எண் வாகன விளக்கு விதிப்படி, வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) கீழே போனால் 2 நொடிக்குள் ஹெட்லைட் எரிய வேண்டும். 7,000 லக்ஸைத் தாண்டினால் அணைய வேண்டும். ஆனால் 5 நொடிக்குப் பிறகு, 300 நொடிக்குள். இடைப்பட்ட வெளிச்சத்தில் என்ன செய்வது என்பது தயாரிப்பாளரின் விருப்பம்.

டியூப் லைட் போட்ட ஷெட்டில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். அங்கே ஹெட்லைட் அணையாமல் இருப்பதுதான் சரி. கைப்பேசி டார்ச்சை ஓரடி தள்ளிப் பிடித்து அடித்தாலும் 7,000 லக்ஸ் வராது. வண்டியை வெயிலில் நிறுத்துங்கள். அங்கே ஒரு லட்சம் லக்ஸ் வரை கிடைக்கும். நிறுத்திய பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள். பாலத்தடியில் போய் வந்ததும் விளக்கு மினுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தாமதம். அது கோளாறு அல்ல.

துணியால் மூடிப் பார்த்து 'சரியாக இருக்கு' என்று முடிப்பது

எல்லோரும் செய்கிற சோதனை இது. பாதிக் கோளாறுகள் தப்பிப்பதும் இதில்தான். ஒரு கணக்குப் போட்டால் தெரியும். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.சி.எம். (BCM) 5 வோல்ட்டை 10 கிலோ ஓம் வழியாக அனுப்புகிறது. எதிர் முனையில் ஒளிக்கேற்ப எதிர்ப்பு மாறும் சென்சார், அதன் பின் எர்த். இருட்டில் சென்சார் 100 கிலோ ஓம் என்றால் சிக்னல், அதாவது இரண்டுக்கும் நடுவே பி.சி.எம். பார்க்கும் வோல்ட்டேஜ், சுமார் 4.5 வோல்ட். வெயிலில் அது 500 ஓமாக இறங்கினால் 0.24 வோல்ட்.

இப்போது எர்த் வயரில் களிம்பு ஏறி 5 கிலோ ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துணியால் மூடினால் இன்னும் அதே 4.5 வோல்ட் சொச்சம், வித்தியாசமே தெரியாது. வெயிலில்தான் 0.24-க்குப் பதில் 1.77 வோல்ட் நிற்கும். பி.சி.எம். அதை அந்திப்பொழுது என்று எடுத்துக்கொண்டு பகலிலேயே விளக்கைப் போடும். ஈரம் புகுந்து கனெக்டரின் இரு பின்களுக்கு நடுவே 10 கிலோ ஓம் கசிவு இருந்தால் கதை தலைகீழ்: பகலில் எல்லாம் ஒழுங்கு, இருட்டில் சிக்னல் 2.4 வோல்ட்டிலேயே நின்றுவிடும், விளக்கு எரியாது. ஆகவே முழு வெளிச்சம், முழு இருட்டு இரண்டிலும் பார்க்க வேண்டும். வண்டிக் கணினியைப் படிக்கும் கருவியான ஸ்கேனரின் லைவ் டேட்டாவைத் திறந்து, முழு வெயிலில் ஓர் அளவு, கறுப்பு டேப்பால் மூடி ஓர் அளவு.

எர்த்தைச் சோதிக்கக் கனெக்டரைக் கழற்றாதீர்கள். இக்னிஷன் ஆனில், மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை கனெக்டரின் பின்புறமாக எர்த் பின்னில். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன 5 கிலோ ஓம் கோளாறு வெயிலில் 1.6 வோல்ட்டாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் களிம்பு ஆண் பின்னுக்கும் பெண் பின்னுக்கும் நடுவே இருந்தால் இந்த அளவில் சிக்காது. அதைக் கழற்றிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மேலே சொன்னது ஒருவகைச் சுற்று மட்டுமே. போட்டோ டிரான்சிஸ்டர் வைத்த சில வண்டிகளில் வெளிச்சம் கூடக் கூட வோல்ட்டேஜ் ஏறும். பல டொயோட்டா வண்டிகளில் சிக்னல் துடிப்பாக வரும், டி.சி. வோல்ட்டில் வைத்த மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். அங்கே ஸ்கேனர் காட்டும் B1244 என்ற பிழைக் கோடு (code) 'சென்சார் சர்க்யூட்' என்றுதான் சொல்கிறது, சென்சாரை மாற்று என்று சொல்லவில்லை. மழை சென்சாரோடு சேர்ந்து ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வகையில் 12 வோல்ட், எர்த், லின் (LIN, கணினியோடு தகவல் பரிமாறும் ஒற்றை வயர்) என்று பெரும்பாலும் மூன்று வயர். லின் வயரில் 5 வோல்ட் தேடினால் கிடைக்காது. தகவல் ஓடும்போது மீட்டர் பேட்டரி வோல்ட்டேஜுக்குச் சற்றுக் கீழே தடுமாறும். 0 என்றால் பெரும்பாலும் எங்கோ எர்த்தில் படுகிறது. வயரிங் படம் இல்லாமல் 'இத்தனை வோல்ட் வரணும்' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை இந்தச் சுற்றில் நுழைக்கவே கூடாது. 5 வோல்ட் லைன் மில்லி ஆம்பியர் கணக்கில் மின்சாரம் தருவது. பல்பு அதை அமுக்கிவிடும். அதே லைனில் வேறு சென்சார்கள் இருந்தால் சம்பந்தமில்லாத கோடுகளும் சேர்ந்து விழும். வயரின் தோலைக் குத்திப் பார்ப்பதும் வேண்டாம்: இன்று குத்திய ஓட்டை அடுத்த மழைக்குக் களிம்பாகும்.

இன்னொன்று, ஏ.சி.க்கான வெயில் சென்சாரும் பல வண்டிகளில் டேஷ்போர்டின் மேல்தான் இருக்கும். அதை மூடிவிட்டு விளக்கு எரியவில்லை என்று குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. டேஷ்போர்டு மேட், பிள்ளையார் சிலை, கண்ணாடியின் மேல்பட்டையில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம் எல்லாவற்றையும் மீட்டரை எடுக்கும் முன்பே விலக்குங்கள். முன்கண்ணாடி மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால், சென்சார் அதன் பிராக்கெட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, கனெக்டர் 'டிக்' என்று பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியில் சென்சாரைத்தான் மாற்ற வேண்டும் என்று உறுதியானால், பார்ட் நம்பர் ஒத்திருப்பதைப் பாருங்கள். லின் வகையில் பல வண்டிகளுக்கு ஸ்கேனரால் கோடிங்கும் (புது சென்சாரை அந்த வண்டிக்கு ஏற்ப அமைப்பது) செய்ய வேண்டும். அழிக்கும் முன் பழைய கோடுகளைக் குறித்து வையுங்கள். இக்னிஷனை ஆஃப் செய்தபின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஆனில் கழற்றினால் புதுக் கோடு விழுந்து, எது பழைய கோளாறு எது நீங்கள் உண்டாக்கியது என்று பிரிக்க முடியாமல் போகும்.