கணிதம் படித்துவிட்டுக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் ஆராய்ச்சிக்குப் போவது எப்படி?

எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிறீர்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள் பிடிக்கும், படித்தது எங்கேயாவது பயன்படவும் வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்றால் இந்தத் துறையைப் பாருங்கள். ஓர் அமைப்பை, கையில் இருக்கும் உள்ளீடுகளை மட்டும் வைத்து, விரும்பிய நிலைக்குக் கொண்டுபோக முடியுமா, முடிந்தால் எது சிறந்த வழி என்பதுதான் இதன் அடிப்படைக் கேள்வி.

முதலில் நேரியல் இயற்கணிதம் கைவசம் இருக்க வேண்டும். இந்தத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கால்மனின் தர நிபந்தனையை நீங்களே நிரூபித்துப் பாருங்கள்: நேரியல் அமைப்பு ஒன்றில், நிலை தானாக எப்படி மாறும் என்று சொல்லும் அணி ஏ, உள்ளீடு அதை எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் அணி பி என்றால், பி, ஏபி, ஏ²பி என்று அமைப்பின் பரிமாணம் எத்தனையோ அத்தனை அணிகளை அடுக்கி, அந்தப் பெரிய அணியின் தரமும் அதே எண்ணாக இருந்தால், எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் போகலாம். கேய்லி-ஹாமில்டன் தேற்றம் எதற்கு உதவும் என்பது இங்கேதான் நன்றாகப் புரியும். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் பக்கம் போவதாக இருந்தால் ஃபங்ஷனல் அனாலிசிஸ் இல்லாமல் நடக்காது.

அப்புறம் பிஎச்.டி. சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் உதவுகிற சிஎஸ்ஐஆர் நெட், கேட், என்பிஎச்எம் (தேசிய உயர்கணித வாரியம்) தேர்வுகளை எழுதி வையுங்கள். பெங்களூரில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையம் கணிதப் பக்கத்து வாசல். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸின் துணையோடு 1970-களில் வளர்ந்த மரபு அது. ஐஐடி பம்பாயின் சிஸ்டம்ஸ் அண்ட் கண்ட்ரோல் துறை பொறியியல் பக்கத்து வாசல். எதில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களை எடைபோடுகிற ஆட்களே மாறிவிடுவார்கள், அதனால் இதை அவசரமாக முடிவு செய்யாதீர்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் மறுபக்கத்துக்காரர்களோடு பேசிப் பழகுங்கள். இந்தத் துறையை வளர்த்தவர்களே இரு பக்கத்திலிருந்தும் வந்தவர்கள்தான். ரஷ்யக் கணிதவியலாளர் பொந்த்ரியாகின் 14 வயதில் பார்வையை இழந்து, இடவியலில் பெரிய பெயர் எடுத்து, 1950-களில்தான் இந்தப் பக்கம் வந்தார். சிறந்த கட்டுப்பாடு எந்த நிபந்தனைக்கு உட்பட வேண்டும் என்று சொல்லும் அவருடைய பெரும விதி பிறந்தது அதற்குப் பிறகு. கால்மனோ எம்ஐடியில் மின்பொறியியல் படித்தவர், இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து அமைப்பின் நிலையை மதிப்பிடும் கால்மன் வடிகட்டி பற்றிய அவருடைய கட்டுரை 1960-இல் வெளிவந்தது இயந்திரப் பொறியாளர்களின் இதழில்.

கட்டுரை விஷயத்தில் கவனம் தேவை. பொறியியல் துறைகளில் டிசம்பரில் நடக்கும் சிடிசி என்ற கட்டுப்பாட்டுத் துறை மாநாட்டுக் கட்டுரைக்கு நல்ல மதிப்பு உண்டு, கணிதத் துறையில் அதைப் பெரிதாக எண்ண மாட்டார்கள், அங்கே சியாம் என்ற பயன்பாட்டுக் கணிதச் சங்கத்தின் கட்டுப்பாடு மற்றும் உகப்பாக்க இதழில் வரும் ஒரு முழுக் கட்டுரைதான் பேசும். என் கருத்தில், நிரூபணம் முழுமையாக உள்ள ஒரு நல்ல தேற்றம் நாலு மாநாட்டுக் கட்டுரைக்கு மேல்.

இன்னொன்று, கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம், பொறியியலில் முதல் பெயருக்குத் தனி எடை. விண்ணப்பத்தில் இதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் உழைப்பு கடைசிப் பெயராகவே படிக்கப்படும். ஆராய்ச்சித் திட்ட அறிக்கையையும் இரண்டாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கணிதத் துறைக்குப் போவதில் தேற்றம் முன்னால் வரட்டும், பொறியியல் துறைக்குப் போவதில் அந்தத் தேற்றம் எந்த அமைப்பைக் கட்டுப்படுத்த உதவும் என்பது முன்னால் வரட்டும்.