தோமாவும் அவர்களுடனே இருந்தான்

கல்லூரிக்குப் போனபின் ஒரு பிள்ளை ஆலயத்துக்கு வருவதை நிறுத்தும்போதுதான் நாம் கவலைப்படத் தொடங்குகிறோம். நான் கண்டவரையில், மனதில் இருந்த கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் விழுங்கிக்கொண்ட ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே அந்த விலகல் தொடங்கியிருக்கும். ஆகவே வாலிபர் ஊழியத்தைப் பொறுப்பேற்பவரின் முதல் வேலை, அந்தக் கேள்விக்கு இடம் உண்டாக்குவது.

டியூஷனுக்கு நடுவே ஓடும் சென்னைப் பிள்ளைகளுக்கு, ஆராதனை முடிந்தவுடன் 45 நிமிடம் போதும். ஆறு அல்லது எட்டுப் பேராக அமரச் செய்து, ஆளுக்கொரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை எட்டாக மடிக்கப்பட்ட சீட்டு ஒன்றைப் பிரித்தபோது, "இத்தனை பேர் ஜெபித்தும் எங்கள் ஆச்சி ஏன் இறந்துபோனார்கள்?" என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதற்கு உடனே பதில் சொல்ல நான் முயலவில்லை. "எதுவரைக்கும்" என்று கர்த்தரிடமே திரும்பத் திரும்பக் கேட்கும் 13ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தோம். விசுவாசிகளும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்ததே அன்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லி, ஆயரிடம் கேட்டறிந்து, அடுத்த வாரம் மறவாமல் பதிலோடு வாருங்கள்.

வேதபாடத் தேர்வில் மதிப்பெண் வாங்குவதோடு நிறுத்தாமல், ஆராதனையில் வேதபாடம் வாசிக்கவும், ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குக் கதை சொல்லவும் அவர்களை அனுமதியுங்கள். பொதுத்தேர்வு மாதங்களில் வராதவர்களைக் குறைசொல்லாதீர்கள். தேர்வு நாள் காலையில் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபித்து, அதைத் தெரிவியுங்கள். எந்தச் சந்திப்பும் பெற்றோருக்குத் தெரிந்தே நடக்கட்டும். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனித்திருக்கவே கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவனான தோமா இரத்தசாட்சியாக மரித்த இடம் என்று மரபு கூறும் அந்தக் குன்றின்மேல், போர்த்துகீசியர் 1523இல் கட்டிய ஆலயம் இருக்கிறது. படியேறி மேலே சென்றதும் யோவான் 20ஆம் அதிகாரத்தின் 24 முதல் 29 வரையுள்ள வசனங்களை வாசியுங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டால்தான் விசுவாசிப்பேன் என்ற தோமாவை மற்றச் சீஷர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாளைக்குப் பின்பும் அவன் அவர்களோடுதான் இருந்தான், அங்கேதான் ஆண்டவரைக் கண்டான். இந்த எட்டு நாளைப் பற்றி நாம் பிரசங்கங்களில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

வாசித்தபின் பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். கீழே விமான நிலையத்தில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்தபடி அவர்கள் அமர்ந்திருக்கட்டும். பிறகு, தோமாவின் இடத்தில் இருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாமல், இறங்கும்போது அவர் பக்கத்தில் நடந்து வாருங்கள்.